அஞ்சு ஓட்டு வித்தியாசம்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தா மட்டும் வண்டி நகரவா போகுது? முன்னால ஊர்வலம் போகுது. ரோட்டை முழுசா அடைச்சுக்கிட்டுப் போறாங்க. கோவில்பட்டி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். எனக்கு இதுல அனுபவம் உண்டு. இந்த மாதிரி ஊர்வலத்துல, பின்னால நிக்கிற பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பாக்காமக் கொடியைப் பிடிச்சுக்கிட்டுப் போனவன் நான். இருபத்தேழு வருஷம். எனக்குப் பின்னால எத்தனை பேரு இப்படி வேர்வையில உக்காந்திருந்தாங்களோ! எவனாவது ஒருத்தன் இறங்கி வந்து என் கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கலாம். செண்பகம் ஜெயிச்சிருப்பா.

செண்பகம் என் வீட்டுக்காரி. செண்பகவல்லி. என் பேரு பரமானந்தம். கருங்காலிபட்டியில வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். கேட்டு, கிரில்லு, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் அடிப்பேன். எங்க ஊர்ல நிக்கிற எங்க கட்சிக் கொடிக்கம்பம் பதினொண்ணும் என் கையால பத்தவச்சதுதான். எந்தக் கட்சின்னு கேக்காதீங்க. சொன்னா நீங்க ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காந்துருவீங்க, பெறகு நான் சொல்ற கதை காதுல ஏறாது. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருத்தன் வாயைத் திறந்தா முதல்ல அவன் எந்தக் கட்சின்னுதான் பாப்பேன். நம்ம ஆளுன்னா அவன் சொல்றது நியாயம். அவங்க ஆளுன்னா அவன் வீட்டுல எழவு விழுந்துச்சுன்னு சொன்னாக்கூட, "அப்படியா, எந்தப் பேப்பர்ல போட்டிருக்கான்?"னு கேப்பேன். சும்மா சொல்லலை. ஒரு தடவை கேட்டிருக்கேன்.

எங்க தெருவுக்குத் தண்ணி இல்லை தம்பி. அதுக்கு நான்தான் காரணம். அதை முதல்ல சொல்லிடுறேன்.

அவங்க ஆட்சியில எங்க ஊருக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துச்சு. ஒவ்வொரு தெருவாத் தோண்டிக் குழாய் பதிச்சுக்கிட்டே வந்தாங்க. எங்க தெருவுக்கு வந்தா, நடுவுல என் கொடிக்கம்பம் நிக்குது. அதோட பீடம் குறுக்கே வருது. காண்ட்ராக்டர் நல்ல மனுஷன். "அண்ணாச்சி, நாலடி தள்ளி நட்டுத் தந்துர்றேன், சிமெண்டும் நானே போட்டுத் தர்றேன்"னு கேட்டாரு. நாலடி! அந்த நாலடியை நான் விடுவேனா? எங்க கொடியை அசைச்சுப் பாக்கத்தான் இந்தத் திட்டத்தையே கொண்டு வந்திருக்காங்கன்னு பீடத்தைக் கட்டிப் பிடிச்சுப் படுத்துட்டேன். பெரிய பெரிய ஆளெல்லாம் கார்ல வந்து பாத்தாங்க. மூணாம் நாள் காண்ட்ராக்டருக்கு மேலேயிருந்து போன் வந்துச்சு. "பிரச்சனை வேணாம், அந்தத் தெருவை விட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போ"ன்னுட்டாங்க. போயிட்டாரு.

அன்னைக்கு எனக்கு என்ன மரியாதைங்கிறீங்க! மாலை, சால்வை, போஸ்டர். 'கொடி காத்த பரமானந்தம்'னு என் போட்டோவோட போஸ்டர். மாலையோட வீட்டுக்குள்ள போறேன். செண்பகம் ஏற இறங்கப் பாத்தா. "மாலையைக் கழட்டி வச்சுட்டு, பஜார் குழாய்ல போய் ரெண்டு குடம் எடுத்துட்டு வாங்க"ன்னா. மூணு தெரு தள்ளி. சைக்கிள்ல ரெண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கிட்டு, என் போஸ்டருக்கு முன்னாலயே தள்ளிக்கிட்டு வந்தேன்.

அப்பக்கூட எனக்கு உறைக்கலை. அதுதான் கட்சி.

அதுக்குப் பெறகு உள்ளாட்சித் தேர்தல் வந்துச்சு. எங்க ஒன்பதாவது வார்டு பெண்களுக்குன்னு ஒதுக்கீடு ஆயிருச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷம் வார்டு செயலாளரா உழைச்சிருக்கேன், சீட்டு என் பொண்டாட்டிக்குத்தான்னு முடிவே பண்ணிட்டேன். செண்பகம் மாட்டேன்னா. "நீ சும்மா கையெழுத்து மட்டும் போடு, கூட்டத்துக்குப் போறது, பேசுறது எல்லாம் நான் பாத்துக்கிறேன்"னு சொன்னேன். கவுன்சிலர் நானு, பேரு மட்டும் அவளுது. அதுக்கு ஒரு சீலை கட்டின ஆள் தேவைப்பட்டுச்சு, அவ்வளவுதான் என் கணக்கு.

சீட்டு அறிவிக்கிறதுக்கு முன்னாலயே அவளை வீடு வீடாக் கூட்டிட்டுப் போனேன். "என் வீட்டுக்காரி, நிக்கப் போறா, பாத்துக்கோங்க"ன்னு கும்புடு போட்டுட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவேன். இவ என்ன செஞ்சான்னா, ஒவ்வொரு வீட்டுலயும் உக்காந்துட்டா. ஒரு நோட்டை வாங்கி எழுத ஆரம்பிச்சுட்டா. எந்த வீட்டுல எத்தனை பேரு, தண்ணிக்கு எங்க போறாங்க, யாருக்கு இடுப்புவலி, எந்தப் பிள்ளை தண்ணி எடுக்கப் போய்ப் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாப் போகுது. எல்லாம் எழுதியிருக்கா. "இதெல்லாம் எதுக்கு? சின்னத்தை மட்டும் சொல்லிட்டு வா"ன்னேன். "கேட்டுட்டோம்ல, எழுதாம எப்படி?"ன்னா. இருபது நாள் அப்படிப் போனா. கடைசி நாலு நாள் நான் வீட்டுலயே இருந்துட்டேன். அவளாத்தான் போனா.

அப்புறம் பட்டியல் வந்துச்சு. ஒன்பதாவது வார்டு, விஜயராணி குணசீலன்.

குணசீலன்னா யாரு? எங்க ஊர்ல தண்ணி டேங்கர் லாரி ஓட்டுறவன். மூணு லாரி. எங்க தெருவுக்குத் தண்ணி கொண்டு வந்து விக்கிறதே அவன்தான். அதுவரைக்கும் அவங்க கட்சியில இருந்தான். எங்க தலைவரைப் பத்தி மேடையில அவன் பேசின பேச்சை நான் இங்க சொல்லக் கூடாது, லேடீஸ் உக்காந்திருக்காங்க. அவன் எங்க கட்சிக்கு வந்து பத்தொன்பது நாள்தான் ஆச்சு.

எனக்கு அழுகையா வந்துச்சு. ஆனா என்ன செஞ்சேன் தெரியுமா? முகத்தைக் கழுவிட்டு, விஜயராணிக்குச் சால்வை போடப் போனேன். கட்சி முடிவு எடுத்துட்டா அதுதான் முடிவு. மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாதா? ஏதாவது காரணம் இருக்கும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

திரும்பி வந்தா செண்பகம் கேக்குறா: "வீடு வீடாப் போய்த் தண்ணி கொண்டு வருவேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்க போகச் சொல்லித்தான் போனேன். இப்ப அவங்ககிட்ட இல்லைன்னு யாரு போய்ச் சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

"கட்சி முடிவு செண்பகம்."

"தண்ணி லாரிக்காரன் பொண்டாட்டி குழாய் போட்டுத் தருவாளா?"

"கட்சி பாத்துக்கும்."

"அப்ப நீங்க கட்சியைப் பாருங்க"ன்னுட்டு, மறுநாள் போய்ச் சுயேச்சையா மனு போட்டுட்டு வந்துட்டா. முன்மொழிஞ்சது யாருன்னா எதுத்த வீட்டு ராமுத்தாய். தீப்பெட்டி ஆபீஸ்ல பெட்டி ஒட்டுற பொண்ணு, புருஷன் இல்லை, ரெண்டு சின்னப் பிள்ளைங்க. என்னை அண்ணேன்னும் இவளை மதினின்னும் கூப்பிடும். சின்னம் கொடுக்கும்போது செண்பகம் தண்ணிக் குழாய் கேட்டிருக்கா. குலுக்கல்ல அது வேற ஒருத்தருக்குப் போய், இவளுக்கு இஸ்திரிப் பெட்டி வந்துச்சு.

கொஞ்சம் இருங்க, தலைவர் வேன் வருது போல... இல்லை, இது வேற. மாவட்டச் செயலாளர் வண்டிதான். நம்ம ஆளுங்க இந்தத் தடவை கூட்டம் நல்லாத்தான் சேத்திருக்காங்க. 'நம்ம'ன்னு சொல்லிட்டேன் பாருங்க. விடுங்க.

எங்க பேரூர் செயலாளர் ஆறுமுகநயினார் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டாரு. "என்ன பரமானந்தம், வீட்டுக்குள்ள ஒரு கட்சி, வெளியில ஒரு கட்சியா? ஊர் சிரிக்குது. நீ யார் பக்கம்?"னாரு. "அண்ணே, என் உடம்புல ஓடுறது நம்ம கொடியோட கலரு"ன்னேன். "அப்ப ஆட்டோல ஏறு, மைக்கைப் பிடி"ன்னாரு.

ஏறிட்டேன் தம்பி. என் பொண்டாட்டிக்கு எதிரா ஒன்பதாவது வார்டு முழுக்க மைக் பிடிச்சுக் கத்தினவன் நான். "சுயேச்சைகளை நம்பி ஏமாறாதீர்கள்! சொந்தச் சின்னம் இல்லாதவர்களால் சொந்தமாக என்ன செய்ய முடியும்!" செந்தமிழ்லதான் பேசுவேன். வீட்டுல அவ பொங்கினதைத் தின்னுட்டு, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, அவளைத் தோற்கடிக்கக் கிளம்பிருவேன். சாப்பாட்டுல ஒரு நாள்கூட அவ குறை வைக்கலை. உப்பு உறைப்பு எல்லாம் சரியா இருக்கும். அது வேற எனக்குக் குத்தும்.

ஒரு நாள் பள்ளிவாசல் சந்துல என் ஆட்டோவும் அவ கூட்டமும் நேருக்கு நேர் வந்துருச்சு. கூட்டம்னா என்ன, அஞ்சு பொம்பளைங்க. கையில இஸ்திரிப் பெட்டி படம் வரைஞ்ச அட்டை. நான் ஆவேசமாப் பேசிக்கிட்டு இருக்கேன். அவ நேரா ஆட்டோ பக்கத்துல வந்து நின்னு, மெதுவா, "என்னங்க, தோசைக்கு மாவு இல்லை. வரும்போது வாங்கிட்டு வந்துருங்க"ன்னா. மைக் என் கையில. அமத்தலை. அந்தச் சந்து முழுக்கக் கேட்டுருச்சு. மாடியில நின்ன பிள்ளைங்கள்லாம் கை தட்டுது. ஆட்டோ டிரைவர் ஸ்டியரிங்ல தலையைச் சாச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். நான் என்ன செய்ய? "சரி"ன்னேன். அதுவும் மைக்கிலதான்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சிரிக்கிற சங்கதி. சிரிச்சுக்கோங்க, பரவாயில்லை. அடுத்தது அப்படி இல்லை.

ஓட்டுக்கு மூணு நாள் இருக்கும்போது நிலவரம் கொஞ்சம் ஆடுச்சு. பொம்பளைங்க ஓட்டு செண்பகத்துப் பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஆறுமுகநயினார், "உன் தெரு ஓட்டு உன் பொறுப்பு"ன்னுட்டாரு. நான் ராமுத்தாய் வீட்டுக்குப் போனேன். ஒரு தட்டுல கற்பூரம் எடுத்துட்டுப் போனேன்.

"அண்ணே, மனுவுல நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். மதினிக்குத்தான் போடுவேன்னு சொல்லியிருக்கேன்"னுது.

"உன் விதவை பென்சனுக்கு யாரு அலைஞ்சா?"

"நீங்கதாண்ணே."

"எந்தக் கட்சி ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தோம்?"

எனக்குத் தெரியும், அது ரொம்பச் சாமிக்குப் பயந்த பொண்ணு. கற்பூரத்தைப் பத்தவச்சேன். "காளியம்மா மேல சத்தியமா நம்ம சின்னத்துக்குத்தான் போடுவேன்னு சொல்லு"ன்னேன். அதோட சின்னவன் கதவு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தான். அவனை ஒரு தடவை பாத்துச்சு. அப்புறம் கற்பூரத்துல கையை வச்சு அணைச்சுச்சு. சொல்லுச்சு. நான் ஏதோ பெரிய காரியம் சாதிச்ச மாதிரி வெளியே வந்து பீடி பத்தவச்சேன்.

ஓட்டு அன்னைக்கு செண்பகம் காலையிலயே போய்ப் போட்டுட்டு வந்துட்டா. நீலச் சீலை கட்டியிருந்தா. வந்தவ முகம் ஒரு மாதிரி வெளுத்துப் போயிருந்துச்சு. வெயிலுன்னு நெனச்சேன். நான் மத்தியானம் போனேன்.

பொய் சொல்லக் கூடாது, மெஷினுக்கு முன்னால நான் கொஞ்ச நேரம் நின்னேன். மூணாவது பேரு அவளுது. 'செண்பகவல்லி ப.' அந்தப் 'ப' நான்தான். பக்கத்துல இஸ்திரிப் பெட்டி. மேலே முதல்ல நம்ம சின்னம். இருபத்தேழு வருஷமா நான் கும்புட்ட சின்னம், என் பட்டறைச் சுவத்துல சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கிற சின்னம். நோட்டு வாங்கி எழுதினாளே, அது ஞாபகம் வந்துச்சு. தோசைமாவு ஞாபகம் வந்துச்சு. "அய்யா, சீக்கிரம்"னாரு அந்த ஆபீசர். விரல் மேலே போயிருச்சு. கீன்னு சத்தம். முடிஞ்சுது.

எண்ணினாங்க. விஜயராணி நானூத்திப் பதினெட்டு. செண்பகவல்லி நானூத்திப் பதிமூணு. அவங்க கட்சி ஆளு எங்கயோ பின்னால. அஞ்சு ஓட்டு. திருப்பி எண்ணினாங்க. அதே அஞ்சுதான்.

ஆட்டோல திரும்பி வரும்போது செண்பகம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "உங்க ஓட்டு எனக்குத்தான?"

"அதென்ன கேள்வி? ஆயிரம்தான் இருந்தாலும் பொண்டாட்டி இல்லையா?"ன்னேன்.

அவ நம்பிட்டா. தெருப் பொம்பளைங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டா. "ஊர் கேக்க எனக்கு எதிராக் கத்தினாரு. ஆனா ஓட்டு எனக்குத்தான் போட்டிருக்காரு"ன்னு. அதுக்குப் பெறகு எனக்குத் தெருவுல ஒரு தனி மரியாதை வந்துச்சு தம்பி. "அண்ணாச்சி கட்சியையும் விட்டுக் கொடுக்கலை, பொண்டாட்டியையும் விட்டுக் கொடுக்கலை"ன்னாங்க. நான் லேசாச் சிரிப்பேன். போகப்போக அப்படிப் போட்டதா எனக்கே ஒரு நெனப்பு வந்துருச்சு.

கட்சியில இதையே கேட்டாங்க. "அஞ்சு ஓட்டுல தப்பிச்சிருக்கோம். நீ உள்ளடி வேலை பாத்திருக்க. உன் பொண்டாட்டியே சொல்றா, நீ அவளுக்குப் போட்டேன்னு"ன்னாரு ஆறுமுகநயினார். "இல்லண்ணே, சத்தியமா நம்ம சின்னத்துக்குத்தான் போட்டேன்"னு காலைத் தொட்டேன். நம்பலை. பொய் சொன்னேன், பொண்டாட்டி நம்புனா. உண்மையைச் சொன்னேன், கட்சி நம்பலை. அடுத்த வாரம் கட்சிப் பேப்பர்ல போட்டுட்டாங்க. 'கட்சியின் கட்டுப்பாட்டை மீறிச் செயல்பட்டதால் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும்' அப்படின்னு. பதினாலு பேரு பட்டியல், நான் ஒன்பதாவது. அந்தப் பேப்பரை வெட்டி பீரோவுல வச்சிருக்கேன். எதுக்குங்கிறீங்களா? இருபத்தேழு வருஷத்துல என் பேரு கட்சிப் பேப்பர்ல வந்தது அந்த ஒரு தடவைதான்.

அதுக்குப் பெறகாவது திருந்தினேனான்னு கேக்குறீங்க. இல்லையே. விஜயராணி கவுன்சிலர் ஆனா. எங்க தெருக் குழாய்க்கு ஒவ்வொரு கூட்டத்துலயும் 'அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்'னு எழுதினாங்க. குணசீலன் நாலாவது லாரி வாங்கினான். யாராவது அதைப் பத்தி என் பட்டறையில வந்து பேசினா, நான் அவங்களோட சண்டைக்குப் போவேன். "நிதி வர வேண்டாமா? அவங்க ஆட்சியில மட்டும் என்ன கிழிச்சாங்க?"ன்னு. கட்சியை விட்டுத் தூக்கின பெறகும் கட்சிக்கு வக்காலத்து. சம்பளம் இல்லை, பொறுப்பு இல்லை, ஆனாலும் வேலையைச் சுத்தமாச் செஞ்சேன்.

ராத்திரி படுத்தா என் ஓட்டு மட்டும் கொஞ்சம் உறுத்தும். அதுக்கு ஒரு கணக்கு வச்சிருந்தேன். நான் அவளுக்குப் போட்டிருந்தா அங்க ஒண்ணு குறையும், இங்க ஒண்ணு கூடும். அஞ்சு மூணாகும். மூணு ஓட்டுலயும் தோல்விதான. அப்ப என் ஓட்டால ஒண்ணும் கெட்டுப் போகலை. இந்தக் கணக்கை வச்சுக்கிட்டுத்தான் ரெண்டு வருஷம் தூங்கினேன்.

மூணாவது வருஷம் சித்திரையில தண்ணி ரொம்பத் தட்டுப்பாடு. லாரி வாரத்துல ஒரு நாள்தான் வந்துச்சு. வந்தா பொம்பளைங்க எல்லாரும் ஒரே நேரத்துல ஓடுவாங்க. ஒரு வெள்ளிக்கிழமை, லாரி முழுசா நிக்கிறதுக்குள்ள ஒரே தள்ளுமுள்ளு. ராமுத்தாய் கையில ரெண்டு குடத்தோட கீழே விழுந்துருச்சு. மேலே நாலு பேரு விழுந்துட்டாங்க. வலது மணிக்கட்டு ரெண்டா ஒடிஞ்சுபோச்சு. நான்தான் ஆட்டோ பிடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆபரேஷன் பண்ணிக் கம்பி வச்சாங்க. "பழைய மாதிரி விரல் மடங்குமான்னு இப்பச் சொல்ல முடியாது"ன்னாரு டாக்டர். தீப்பெட்டி ஆபீஸ்ல விரல்தான் வேலை.

மூணாம் நாள் நானும் செண்பகமும் கஞ்சி கொண்டுட்டுப் போனோம். ராமுத்தாய் இவ கையை இடது கையால பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. வலியிலன்னு நெனச்சோம்.

"மதினி, எனக்கு இது வேணும். நான் உங்களுக்கு ஓட்டுப் போடலை. மனுவுல கையெழுத்துப் போட்டுட்டு, உங்ககூடவே வீடு வீடா வந்துட்டு, உள்ளே போய் மாத்திக் குத்திட்டேன். அண்ணன் காளியம்மா மேல சத்தியம் வாங்கிட்டாரு. பிள்ளைங்களை நெனச்சுப் பயந்துட்டேன் மதினி."

செண்பகம் என் பக்கம் திரும்பலை. அது எனக்கு நல்லாத் தெரியும், ஏன்னா நான் அவ முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ராமுத்தாய் தலையைத் தடவிக்கொடுத்தா. "சரி, படு"ன்னுட்டு எந்திரிச்சு வெளியே போனா. நானும் பின்னாலயே போனேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு டீக்கடை. பெஞ்சுல உக்காந்தோம். ரெண்டு டீ சொன்னேன். நான் எவ்வளவு கேவலமான ஆளுன்னு சொல்றேன் கேளுங்க. அந்த நேரத்துல என் மனசுக்குள்ள கணக்கு ஓடுது. என்னோடது ஒண்ணு, ராமுத்தாயோடது ஒண்ணு. அஞ்சு மூணாகி, மூணு ஒண்ணாகுது. அப்பவும் ஒரு ஓட்டுல தோத்திருப்பா. அப்பாடான்னு இருந்துச்சு.

செண்பகம் டீயைக் கையில வச்சுக்கிட்டே கேட்டா: "அவகிட்ட சத்தியம் வாங்கினீங்க. ஆனா நீங்க மட்டும் எனக்குப் போட்டீங்க. அது எப்படி?"

கோபமாக் கேட்டிருந்தா சமாளிச்சிருப்பேன். அவ நெசமாவே புரியாமத்தான் கேட்டா. எனக்கு வாயில பொய் வரலை.

"போடலை செண்பகம்."

ஆம்புலன்ஸ் ஒண்ணு உள்ளே போச்சு. அவ எந்திரிச்சுப் போயிருவா, மகள் வீட்டுக்குத் திருப்பூருக்குப் போயிருவான்னு நெனச்சேன். போகட்டும், நியாயம்தான்னு நெனச்சேன்.

"நான் ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?"ன்னா.

மாட்டேன்னு சொன்னேன். இப்ப உங்ககிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்க யாரோ நான் யாரோ, இறங்கினா முடிஞ்சுது. யார்கிட்டயாவது சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சுரும் போல இருக்கு.

"அன்னைக்கு உள்ளே போனேன்"னா. "கல்யாணமான வருஷம் முதல் ஓட்டுக்கு நீங்க சொல்லிக் கொடுத்தீங்கள்ல? 'பேரெல்லாம் படிச்சுக்கிட்டு நிக்காத. நம்ம சின்னம் எங்க இருக்குன்னு பாரு, அமுக்கு, வந்துரு'ன்னு. அப்படித்தான் எல்லாத் தடவையும் போட்டேன். அன்னைக்கும் சின்னம் கண்ணுல பட்டுச்சு, அமுக்கிட்டேன். கீன்னு சத்தம் வந்த பெறகுதான் கீழே எம் பேரைப் பாத்தேன். அந்த ஆபீசர்கிட்ட, சார், தப்பாப் போட்டுட்டேன், இன்னொரு தடவை போடட்டுமான்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. வெளியே வந்து, எனக்கே ஓட்டுப் போடத் தெரியலைன்னு யார்கிட்டச் சொல்ல முடியும்? எனக்காக வெயில்ல நடந்தாளுகளே அஞ்சு பேரு, அவளுக முகத்துல எப்படி முழிக்கிறது? அதான் உங்களைக் கேட்டேன். வீட்டுல இருந்து ஒரு ஓட்டாவது எனக்கு விழுந்துச்சான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

கணக்கு முடிஞ்சுது தம்பி. மூணு பேரு. எங்க வீட்டுல ரெண்டு, எதுத்த வீட்டுல ஒண்ணு. மூணும் இந்தப் பக்கம் விழுந்திருந்தா அவ ஜெயிச்சிருப்பா. ஒரு ஓட்டுல ஜெயிச்சிருப்பா. குழாய் வந்திருக்கும். அந்தப் பொண்ணு கை நல்லா இருந்திருக்கும். ராமுத்தாய் ஓட்டு கெட்டது என் கற்பூரத்தால. செண்பகம் ஓட்டு கெட்டது நான் சொல்லிக் கொடுத்த பாடத்தால. ஆக, மூணு ஓட்டையும் நான் ஒருத்தனே போட்டிருக்கேன். அப்படி உழைச்ச என்னைத்தான் கட்சி உள்ளடி வேலை பாத்தான்னு வெளியே தள்ளுச்சு.

டீ ஆறிப்போச்சு. அவ அதை முழுசாக் குடிச்சா. கிளாசை வச்சுட்டு உள்ளே போனா. நான் வாசல்ல நின்னு பாத்தேன். ராமுத்தாய்க்குக் கை முடியாததால மூணு நாளாத் தலை சீவாமக் கெடந்துச்சு. இவ பக்கத்துல உக்காந்து, சிக்கெடுத்து, பின்னிவிட்டா. பின்னிக்கிட்டே சொன்னா: "ஏய், அஞ்சு ஓட்டுல தோத்தேன். உன் ஒரு ஓட்டால என்னடி ஆயிரப் போகுது? அதைப் போட்டு மனசுல வச்சுக்கிட்டு இருக்க." அந்தப் பொண்ணு அன்னைக்குத்தான் நல்லாத் தூங்குச்சுன்னு நர்ஸ் சொன்னாங்க.

இப்ப மறுபடியும் தேர்தல் வருது. செண்பகம் மறுபடி நிக்கிறா. சின்னம் வந்தாச்சு, பூட்டு. நான் ஆட்டோ கீட்டோ ஒண்ணும் ஏறலை. நோட்டைத் தூக்கிக்கிட்டு அவ பின்னால போறேன். அவ சொல்லச் சொல்ல எழுதுறேன். ராமுத்தாயும் வருது. இடது கையால கதவைத் தட்டும்.

அப்புறம் இன்னொரு ஏற்பாடு. செண்பகம் ஒரு ஸ்வீட் பாக்ஸ் அட்டையில மெஷின் மாதிரி வரைஞ்சு சுவத்துல மாட்டியிருக்கா. மேலே பழைய சின்னம், கீழே மூணாவது இடத்துல பூட்டு. பக்கத்துல சட்டைப் பொத்தான் ஒட்டியிருக்கா, நீலக் கலர்ல. தினமும் காலையில பல் விளக்கினதும் நாங்க ரெண்டு பேரும் அதுக்கு முன்னால நின்னு, கண்ணை மூடித் திறந்து, யோசிக்காமப் படக்குன்னு அமுக்கணும். ஆளுக்குப் பத்துத் தடவை. அவ முதல் வாரத்துலயே தேறிட்டா. பத்துக்குப் பத்து.

எனக்கு இன்னைக்குக் காலையில பத்துக்கு எட்டு.